பெயர் நீக்கிய பட்டியல்

நுழையும்முன்

ஒருவருடைய பெயரையும் முகவரியையும் ஓர் ஆவணத்திலிருந்து நீக்கிவிட்டால், அதன்பின் அவர் யாரென்று எவராலும் அறிய முடியாது என உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை ஓர் ஆராய்ச்சி மாணவி இருபது டாலர் செலவில் மெய்ப்பித்தார். கணினி அறிவியலில் தொடங்கிய அவரது கல்விப் பயணம் சட்டத்தின் வாசகங்கள் வரை சென்று சேர்ந்தது. எந்திரங்கள் மனிதரைப் பற்றி முடிவெடுக்கத் தொடங்கியுள்ள இக்காலத்தில், அறிவியலுக்கும் சட்டத்துக்கும் இடையே வளர்ந்துவரும் ஒரு புதிய கல்வித்துறையை அவருடைய பணிகளின் வழியே இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

ஆளுநரின் மருத்துவக் குறிப்பு

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு முயற்சி தொடங்கியது. அரசு ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்கிவந்த குழுக் காப்பீட்டு ஆணையம், ஏறத்தாழ 1,35,000 ஊழியர்கள், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் மருத்துவ விவரங்களைத் தொகுத்து ஆய்வாளர்களுக்கு வழங்கியது. எந்த நோய் எவ்வளவு பரவியுள்ளது, எந்த மருத்துவத்திற்கு எவ்வளவு செலவாகிறது என்பனவற்றை ஆராய்வதற்கு அத்தொகுப்பு உதவும் என்பதே நோக்கம். அது நல்ல நோக்கமே ஆகும்.

தொகுப்பிலிருந்து பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியன நீக்கப்பட்டிருந்தன. ஆகவே எவருடைய தனிப்பட்ட செய்தியும் வெளிப்படாது என்று அம்மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் மக்களுக்கு உறுதியளித்தார். எனினும், ஒவ்வொருவரின் பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீட்டெண் ஆகிய மூன்றும் தொகுப்பில் அப்படியே இருந்தன. ஆய்வுக்கு அவை தேவைப்பட்டன, தீங்கற்றவையாகவும் தோன்றின.

அப்போது மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் கணினி அறிவியல் பயின்றுகொண்டிருந்தார் லட்டானியா ஸ்வீனி. அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. பெயர் இல்லாத பட்டியல் ஒன்று இருக்கிறது. பெயருள்ள வேறொரு பட்டியலும் எங்கேனும் இருக்குமன்றோ? இரண்டிலும் ஒரே விவரங்கள் இடம்பெற்றிருந்தால், ஒன்றை மற்றொன்றின்மேல் வைத்துப் பார்க்க முடியுமன்றோ?

ஆளுநர் வெல்ட், கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்துவந்தார். அந்நகரின் வாக்காளர் பட்டியல் விலைக்குக் கிடைத்தது. ஸ்வீனி இருபது டாலர் கொடுத்து அதனை வாங்கினார். அதில் வாக்காளரின் பெயர், முகவரியோடு பிறந்த நாளும் பாலினமும் அஞ்சல் குறியீட்டெண்ணும் இருந்தன. ஆளுநர் பிறந்த அதே நாளில் பிறந்தவர்கள் அப்பட்டியலில் அறுவர். அவர்களுள் ஆண்கள் மூவர். அம்மூவருள் அவருடைய அஞ்சல் எல்லையில் வாழ்ந்தவர் ஒருவரே. பெயர் நீக்கிய மருத்துவத் தொகுப்பில் அதே மூன்று விவரங்களைக் கொண்ட வரியைத் தேடியபோது, ஆளுநரின் நோய்க்குறிப்பும் அவர் உட்கொண்ட மருந்துகளும் கண்முன் வந்து நின்றன. 1996 மே மாதத்தில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில் ஆளுநர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் வெளிவந்திருந்ததும் அந்த அடையாளத்தை உறுதிப்படுத்த உதவியது. மக்களுக்கு உறுதியளித்தவரின் மருத்துவக் குறிப்பே அவருடைய அலுவலகத்துக்குச் சென்று சேர்ந்தது என்பர்.

இதில் எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. எந்தக் கணினிக்குள்ளும் எவரும் களவாக நுழையவில்லை. முறையாகக் கிடைத்த இரு பட்டியல்கள் அருகருகே வைக்கப்பட்டன, அவ்வளவே.

கணக்கு காட்டிய உண்மை

ஆளுநர் புகழ் பெற்றவர் என்பதால் அகப்பட்டார். எளிய மக்களுக்கு இந்நிலை நேராது என்று ஒருவர் வாதிடலாம். ஸ்வீனி அவ்வாதத்துக்கும் கணக்கினாலேயே விடை கூறினார். கேம்பிரிட்ஜ் பட்டியலில் 54,805 வாக்காளர்கள் இருந்தனர். அவர்களுள் பிறந்த நாளை மட்டும் கொண்டே தனித்து இனங்காணத்தக்கவர் 12 விழுக்காட்டினர். பிறந்த நாளோடு பாலினத்தையும் சேர்த்தால் 29 விழுக்காட்டினர். பிறந்த நாளோடு ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டெண்ணைச் சேர்த்தால் 69 விழுக்காட்டினர். முழுமையான அஞ்சல் குறியீட்டெண்ணைச் சேர்த்தால் 97 விழுக்காட்டினர்.

இது வியப்பாகத் தோன்றினும் இதன் காரணம் எளியது. ஆண்டுக்கு 365 நாள்கள். மனித வாழ்நாளை எண்பது ஆண்டுகள் எனக் கொண்டால், பிறந்த நாள்கள் 29,200 வகைப்படும். பாலினத்தால் இரண்டாகப் பிரித்தால் அவை 58,400 ஆகும். ஓர் அஞ்சல் எல்லைக்குள் பத்தாயிரம் பேர் வாழ்வதாகக் கொள்வோம். 58,400 அறைகள் கொண்ட ஓர் அலமாரியில் பத்தாயிரம் சீட்டுகளைப் போட்டால், பெரும்பாலான சீட்டுகள் தத்தம் அறையில் தனித்தே கிடக்கும். தனித்துக் கிடக்கும் சீட்டில் பெயர் எழுதப்பட வேண்டியதில்லை. அறையின் இடமே பெயராகிவிடுகிறது.

1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, அமெரிக்க மக்களுள் 87 விழுக்காட்டினரை இம்மூன்று விவரங்களாலேயே தனித்து இனங்காண இயலும் என்று ஸ்வீனி மதிப்பிட்டார். 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு அவ்வளவை 63 விழுக்காடு என்று குறைத்துக் கூறியது. வாக்காளர் பட்டியலில் நகர மக்கள் அனைவரும் இடம்பெறவில்லை என்பதையும், ஆளுநரின் உடல்நிலை முன்பே செய்தியாகியிருந்ததையும் சுட்டி, அவரது சோதனையைக் குறைத்து மதிப்பிட்டோரும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பைப் பிறர் மீண்டும் அளந்து பார்ப்பதும் திருத்துவதும் கல்வியுலகின் இயல்பாகும். ஆனால், அளவு குறைந்தபோதும் உண்மை மாறவில்லை. பெயரை நீக்குவது மட்டுமே ஒருவரை மறைத்துவிடாது.

நேர்கோடாய் அமையாத கல்வி

ஸ்வீனி 1959இல் பிறந்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்த அவர், அதனை இடையில் நிறுத்திவிட்டு மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். பின்னர்க் கல்விக்குத் திரும்பி, 1995இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவாக்கக் கல்விப் பிரிவில் இளநிலைப் பட்டம் பெற்றார். இளநிலை மாணவர் பலர் இருபத்திரண்டு வயதிற்குள் எட்டிவிடும் படியை அவர் முப்பத்தைந்து வயதை ஒட்டியே எட்டினார் என்பது கருதத்தக்கது. 1997இல் முதுநிலைப் பட்டமும் 2001இல் முனைவர் பட்டமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெற்றார். அங்குக் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி அவரே.

அதன்பின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தரவுத் தனியுரிமை ஆய்வகத்தை நிறுவினார். 2011இல் ஹார்வர்டுக்கு வந்தார். கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ஹார்வர்டில் ஆட்சியியலையும் தொழில்நுட்பத்தையும் இணைத்துக் கற்பிக்கும் பேராசிரியராக விளங்குகிறார். அப்பதவியின் பெயரே ஒரு புதிய துறையின் பிறப்பை அறிவிக்கிறது எனலாம்.

சட்டத்தின் சொற்களுக்குள் ஓர் ஆய்வு

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு, மருத்துவத் தகவல் ஆகியன குறித்த சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. அதன்கீழ்த் தனியுரிமை விதிகள் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிடப்பட்டன. விதிகளை வகுத்தோர் ஸ்வீனியின் ஆய்வைத் தம் விளக்கவுரையில் சுட்டினர். அவ்விதிகளின்படி, மருத்துவத் தரவை அடையாளமற்றதாகக் கருதுவதற்கான வழிகளுள் ஒன்று, பதினெட்டு வகை விவரங்களை நீக்குவதாகும். பிறந்த நாளில் ஆண்டு மட்டுமே எஞ்சலாம். அஞ்சல் குறியீட்டெண்ணில் முதல் மூன்று இலக்கங்களே இருக்கலாம். அதுவும் அந்த மூன்று இலக்கங்கள் குறிக்கும் எல்லைக்குள் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தால்தான். கேம்பிரிட்ஜ் பட்டியலில் எந்த விவரங்கள் ஆளுநரைக் காட்டிக்கொடுத்தனவோ, அவற்றின்மீதே சட்டம் கைவைத்தது.

குறை காண்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தரவைப் பயன்படுத்தவும் வேண்டும், அதில் உள்ளோரைக் காக்கவும் வேண்டும் என்னும் இருதலைச் சிக்கலுக்கு ஒரு வழியையும் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து வகுத்தார். ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும், புறவிவரங்களால் குறைந்தது குறிப்பிட்ட எண்ணிக்கையினரோடு ஒத்திருக்கும்படி விவரங்களைப் பொதுமைப்படுத்த வேண்டும் என்பதே அவ்வழி. எடுத்துக்காட்டாக, ‘14-3-1961’ என்பதை ‘1960–1965’ என மாற்றினால், ஒருவர் பலருள் ஒருவராகிவிடுகிறார். இவ்வழிக்கும் எல்லை உண்டு. ஒத்திருக்கும் ஐவருக்கும் ஒரே நோய் இருந்தால், அவர்களுள் நாம் தேடுபவர் எவரென்று தெரியாவிட்டாலும் அவருக்குள்ள நோய் தெரிந்துவிடும். பின்வந்த ஆய்வாளர்கள் இக்குறையைக் கண்டு மேலும் வலிய முறைகளை வகுத்தனர்.

தம் பெயரே சான்றானபோது

ஒருநாள் ஸ்வீனியின் அலுவலகத்துக்கு வந்திருந்த இதழாளர் ஒருவரின் முன்னிலையில், அவருடைய பெயர் இணையத் தேடுபொறியில் உள்ளிடப்பட்டது. தேடல் முடிவுகளின் அருகே ஒரு விளம்பரம் தோன்றியது. லட்டானியா ஸ்வீனி கைது செய்யப்பட்டவரா என்று வினவி, கட்டணம் செலுத்தினால் விவரம் தரப்படும் என அழைத்தது அவ்விளம்பரம். அவர் ஒருபோதும் கைது செய்யப்பட்டவர் அல்லர். கட்டணம் செலுத்திப் பார்த்தபோதும் அவர் பெயரில் அத்தகைய பதிவு எதுவும் இல்லை.

வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் பெயரை, வேலை தருபவர் தேடிப் பார்க்கும்போது இப்படியொரு விளம்பரம் தோன்றினால் என்னாகும்? விண்ணப்பித்தவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாத குற்றச்சாட்டுக்கு எவர்தாம் மறுமொழி கூற இயலும்?

தமக்கு நேர்ந்ததை ஒரு முறையீடாக மட்டும் அவர் கொள்ளவில்லை. ஆய்வு வினாவாக மாற்றினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உண்மையான பெயர்களைத் திரட்டி, இரு வலைத்தளங்களில் ஒவ்வொன்றாகத் தேடி, தோன்றிய விளம்பரங்களைப் பதிவு செய்தார். டிஷான், டார்னெல், ஜெர்மைன் போன்றவை கறுப்பினக் குழந்தைகளுக்கு மிகுதியும் இடப்படும் பெயர்கள். ஜெஃப்ரி, ஜில், எம்மா போன்றவை வெள்ளையினக் குழந்தைகளுக்கு மிகுதியும் இடப்படுபவை. விளம்பரங்கள் மிகுதியாகத் தோன்றிய தளத்தில், கறுப்பினத்தவரைச் சுட்டும் பெயர்களுக்குக் கைதைக் குறிக்கும் விளம்பரம் தோன்றும் வாய்ப்பு 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கும் வாய்ப்பு 0.1 விழுக்காட்டினும் குறைவு. இந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது.

இதற்கு யார் பொறுப்பு? விளம்பரம் தந்த நிறுவனமா, அதனைக் காட்டிய எந்திரமா, அதைச் சொடுக்கிய மக்களா? இங்குத்தான் சட்டத்தின் கடினமான வினா பிறக்கிறது. விளம்பரம் தருபவர் ஒரே பெயருக்குப் பல வாசகங்களை வழங்கலாம். தொடக்கத்தில் எந்திரம் எல்லாவற்றையும் சமமாகவே காட்டும். எந்த வாசகத்தை மக்கள் மிகுதியாகச் சொடுக்குகிறார்களோ, அதனையே மேலும் காட்டக் காலப்போக்கில் கற்றுக்கொள்ளும். அவ்வாறாயின், சமூகத்தில் முன்பே உறைந்திருந்த தவறான எண்ணத்தை எந்திரம் கற்று, பெருக்கி, மீண்டும் சமூகத்துக்கே வழங்குகிறது. எவரும் தீய எண்ணத்தோடு ஒரு கட்டளையையும் எழுதாமலேயே தீமை விளையக்கூடும். காரணம் இன்னது என்று தம் ஆய்வு முடிவு கட்டவில்லை என்பதை ஸ்வீனி வெளிப்படையாகக் கூறினார். விளைவை நிறுவினார், காரணத்தைத் தேடும் பொறுப்பைப் பிறர்க்கும் உரியதாக்கினார். அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே கோடு கிழித்துக் காட்டும் நேர்மை ஆய்வாளருக்கு இன்றியமையாதது.

நுகர்வோரைக் காக்கும் பொறுப்புடைய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் தலைமைத் தொழில்நுட்ப வல்லுநராக 2014இல் அவர் பணியாற்றினார். ஆய்வகத்தில் எழுந்த வினாக்கள் அரசு அலுவலகத்தின் மேசைக்குச் சென்றன.

தெரிந்து தெளிவோம்

தனியுரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு பிணைந்த அடிப்படை உரிமை என, 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இந்திய நாடாளுமன்றம் 2023இல் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விளையக்கூடிய இடரின் அளவுக்கேற்பக் கட்டுப்பாடுகளை வகுப்பது அதன் அடிப்படை.

ஆயிரத்தொரு குரல்கள்

ஆசிரியரின் பணி அவருடைய மாணவர்களிடத்தில் தொடர்கிறது. அமெரிக்காவில் அரசு சில திட்டங்களை மாற்றுவதற்குமுன் பொதுமக்களின் கருத்துரைகளை இணையவழியே பெறுவது வழக்கம். 2019இல் ஐடஹோ மாநிலத்தின் ஏழை எளியோருக்கான மருத்துவ உதவித் திட்டத்தில் ஒரு மாற்றம் முன்மொழியப்பட்டுக் கருத்துரைகள் கோரப்பட்டன. ஸ்வீனியின் வழிகாட்டலில் பயின்ற இளநிலை மாணவர் ஒருவர், செயற்கை நுண்ணறிவு நிரலைக் கொண்டு 1,001 கருத்துரைகளை உருவாக்கி அத்தளத்தில் செலுத்தினார். அங்கு வந்துசேர்ந்த கருத்துரைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை எந்திரம் எழுதியவையாயின. மனிதர் எழுதியதையும் எந்திரம் எழுதியதையும் பிரித்தறியுமாறு சிலரிடம் கேட்டபோது, அவர்கள் கூறிய விடைகள் நாணயத்தைச் சுண்டிவிட்டுக் கூறும் விடைகளினும் மேலானவையாக இல்லை. சோதனை முடிந்ததும் மாணவர் தாம் செய்ததை அதிகாரிகளுக்கு அறிவித்தார். அக்கருத்துரைகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன.

மக்களின் குரலைக் கேட்க அமைத்த வாயிலில், மக்களே அல்லாத ஆயிரம் குரல்கள் நுழைய முடியும் என்பதை அச்சோதனை காட்டியது. உண்மையான நோயாளி ஒருவர் தம் துன்பத்தை எழுதியிருந்தால், அது அப்பெருங்கூச்சலில் எவர் காதிலும் விழாமற் போயிருக்கும். ஆட்சிமுறையின் ஓர் உறுப்பே பழுதுபடும் நிலை இது.

இரு கரைகளுக்கு இடையே

செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் கொள்கையும் இன்று பல பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறையாக வளர்ந்துள்ளன. இத்துறையில் ஈடுபடுவோர் சட்டம், கணினியியல், புள்ளியியல், மெய்யியல், பொருளியல், ஆட்சியியல் எனப் பல வாயில்களின் வழியே வருகின்றனர். வகுப்பில் கற்பித்தல், ஆய்வுக் கட்டுரை எழுதுதல், சட்டமியற்றுவோர் முன் தம் கருத்தை உரைத்தல், ஒழுங்குமுறை ஆணையங்களுக்கு அறிவுரை கூறுதல் ஆகியன அவர்தம் பணிகள். கடன் மறுக்கப்பட்டவருக்கு எந்திரம் காரணம் கூற வேண்டுமா? தவறான முடிவை எதிர்த்து மனிதர் ஒருவரிடம் முறையிடும் உரிமை வேண்டுமா? தானியங்கி ஊர்தி மோதினால் இழப்பீடு தருவது யார்? இவை போன்றவையே அவர்கள் ஆராயும் வினாக்கள்.

இவ்வினாக்களுக்குச் சட்ட நூல்களை மட்டும் புரட்டி விடை காண இயலாது. நிரலை மட்டும் படித்தும் விடை காண இயலாது. எந்திரத்தின் இயக்கம் அறியாதவர் வகுக்கும் விதி, பெயரை மட்டும் நீக்கிவிட்டு மனநிறைவு கொள்ளும். சட்டத்தின் நோக்கம் அறியாதவர் ஆக்கும் எந்திரம், சொடுக்குகளை மட்டும் எண்ணி நீதியை மறந்துவிடும். இரண்டு கரைகளையும் அறிந்தவரே இடையில் பாலம் அமைக்க முடியும்.

ஸ்வீனியின் பணிகள் அனைத்திலும் ஒரே முறை ஊடாடுவதைக் காணலாம். ‘இது பாதுகாப்பானது’ என்று பொறுப்பில் இருப்போர் கூறுவதை அவர் அப்படியே ஏற்பதில்லை. மறுத்து முழங்குவதும் இல்லை. எவரும் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையை வடிவமைத்து, அதன் முடிவைப் பொதுவில் வைக்கிறார். அச்சத்தை எளிதில் புறந்தள்ளலாம். சான்றை அவ்வாறு தள்ள இயலாது. இருபது டாலர் விலையுள்ள ஒரு வாக்காளர் பட்டியலும் தம் பெயருக்கு அருகே தோன்றிய ஒரு விளம்பரமும் அவருக்குச் சான்றுகளாயின.

ஒவ்வொரு தரவுத் தொகுப்பின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவருடைய நோயும் வறுமையும் நற்பெயரும் அந்த வரியில் அடங்கியுள்ளன. பெயர் அழிக்கப்பட்ட பின்னரும் அவர் அங்கேயே இருக்கிறார். அவரை மறவாமல் எந்திரத்தை ஆராய்வதும் அவரைக் காக்கும் வகையில் சட்டத்தை வகுப்பதுமே இக்கல்வித்துறையின் பயனாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பு மாணவர்களின் பிறந்த நாள்களை ஆண்டு நீக்கி, நாளும் மாதமும் மட்டும் தொகுக்க. எத்தனை பேர் தனித்து இனங்காணத்தக்கவர் எனக் கணக்கிடுக. மாதத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அவ்வெண்ணிக்கை எவ்வாறு மாறுகிறது என ஒப்பிடுக.

2. ‘எந்திரம் கற்ற தவற்றுக்குப் பொறுப்பு யார்?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஆய்வின் பொருட்டுப் பொய்யான கருத்துரைகளை அரசுத் தளத்தில் செலுத்தி, பின்னர் அதனை அறிவித்த மாணவரின் செயல் முறையானதா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

4. பொதுமைப்படுத்தல், தனியுரிமை, பாகுபாடு, சான்று ஆகிய சொற்களை இப்பாடப் பொருளோடு பொருத்திச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.